விதந்துரையும் வாக்கும்: வலைப்பதிவு வாசகரின் கடன் பற்றிய ஒரு நோக்கு

நல்லதொரு கட்டுரையை வாசித்து முடித்தவருக்கு அதனைப் பிறரும் வாசிக்கவேண்டும் என்னும் அவா எழுதல் இயல்பே. அவ்வவா இருவகைத்து. தாம் பெற்ற பயனை நண்பரும் பெறவேண்டும் என்பது ஒன்று. எழுதியவர் ஊக்கம் பெற்றுத் தொடர்ந்து எழுதவேண்டும் என்பது மற்றையது. முன்னையது வாசகர் நலன் கருதியது. பின்னையது எழுத்தாளர் நலன் கருதியது. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒருவழிச் செல்வதால், அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அவை பிரியும் இடமொன்று உண்டு. இணையத்திலே வாசகர் தாம் விரும்பும் வலைப்பதிவுகளுக்கு ஆதரவு தேடும் முறைகளை நோக்குமிடத்து அவ்விடம் தெளிவாகத் தெரிகின்றது.

வலைப்பதிவு எழுதுபவருக்குப் பதிப்பாளர் இல்லை, பத்திரிகாசிரியர் இல்லை, நூலை ஊரூராகக் கொண்டுசெல்லும் விற்பனையாளரும் இல்லை. பெரும்பாலோருக்கு ஊதியமும் இல்லை. எழுதியதை எவரும் காணாவிடின் அது இருந்தும் இல்லாததற்குச் சமமாகும். எனவே அத்தகைய எழுத்தை வாசித்து மகிழும் ஒருவர், தாம் வாசிப்பதோடு அமையாது அதனைப் பிறர் கண்ணிற் படச் செய்தலும் வேண்டும் என்னும் கருத்து, வலைப்பதிவுலகம் தோன்றிய காலந்தொட்டே வற்புறுத்தப்பட்டு வந்துள்ளது. இது நியாயமான கருத்தே. விலை கொடாது ஒரு பொருளை நுகர்பவர் அதனை ஆக்கியவருக்கு ஏதோ ஒருவகையிற் கடன்பட்டவராகின்றார் என்பதை மறுத்தல் அரிது. அக்கடனை எவ்வாறு இறுப்பது என்பதிலேதான் சிக்கல் உள்ளது.

அதற்கென எழுந்த இணையத்தளங்களுள் இரண்டனை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். ஒன்று, ஜோஷுவா ஷக்ரர் என்பவர் 2003இல் தொடங்கிய டிலீஷியஸ். அதற்கு முன்னர், ஒருவர் தாம் மீண்டும் காணவிரும்பும் இணையப் பக்கங்களின் முகவரிகளைத் தமது கணினியிலேயே குறித்துவைப்பார். டிலீஷியஸ் அக்குறிப்பேட்டைக் கணினியினின்றும் எடுத்து யாவரும் காணும் பொதுவிடத்தில் வைத்தது. பயனர் தாம் குறித்த பக்கத்துக்குத் தாம் விரும்பிய சொற்களையே அடையாளமாக இடலாம். ஓரிரு வரிகளில் குறிப்பும் எழுதலாம். இன்னாருக்கென ஒரு பக்கத்தைக் குறித்து அனுப்பலாம். இம்முறையின் சிறப்பு யாதெனில், குறிப்பவர் முதலிலே தமக்காகவே குறிக்கின்றார் என்பதாகும். மீண்டும் தேடிவரும் எண்ணமில்லாத ஒன்றைத் தமது சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைக்க எவரும் முற்படார். பிறருக்குக் கிடைக்கும் பயன் அச்செயலின் பக்கவிளைவு மாத்திரமே. அதனாலேயே அது பெரும்பாலும் நேர்மையாக அமைந்தது எனலாம்.

மற்றையது, 2004 டிசெம்பரில் கெவின் றோஸ் முதலானோர் தொடங்கிய டிக். பயனர்கள் தாம் கண்ட பக்கங்களை இங்கு முன்வைப்பர், ஏனையோர் வாக்களிப்பர். போதிய வாக்குகள் விரைந்து சேரின் அப்பக்கம் தளத்தின் முகப்பை அடையும். ‘தோண்டுதல்’, ‘புதைத்தல்’ எனப் பொருள்படும் சொற்களையே அத்தளம் ஆதரவு வாக்குக்கும் எதிர்வாக்குக்கும் வழங்கிற்று. முகப்பை எட்டிய ஒரு சிறு வலைப்பதிவுக்கு ஓரிரு மணித்தியாலங்களில் ஆயிரக்கணக்கான வாசகர் வந்து குவிவர். அச்சுமை தாங்காது அப்பதிவே செயலிழந்துபோதலும் உண்டு. ஆதரவின் மிகுதியால் மூச்சடைத்துப்போன எழுத்து என்று அதனைச் சொல்லலாம்.

இவ்வளவு வலிமை வாய்ந்த ஒரு வாயிலைச் சூழ்ச்சி நெருங்காதிருக்குமா? நண்பர்கள் ஒருவர் முன்வைத்ததற்கு மற்றவர் வாக்களிக்கத் தொடங்கினர். முகப்புக்கு வருவனவற்றைத் தீர்மானிப்போர் ஒரு சிறு தொகையினரே என்னும் குறை எழவே, வாக்களிப்போரிடையே பன்மை உள்ளதா என்பதையும் கருத்திற் கொள்ளுமாறு கணிப்பு முறையை மாற்றப்போவதாக 2006 செப்டெம்பரில் கெவின் றோஸ் அறிவித்தார். முன்னணிப் பயனர்களின் பட்டியலே 2007 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அனலீ நியூவிற்ஸ் என்னும் எழுத்தாளர் ‘வயர்ட்’ வெளியீட்டுக்காக ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே சுவையற்றதாக, மக்கட் கூட்டங்களின் படங்களை மாத்திரம் கொண்டதாக, ஒரு வலைப்பதிவை உருவாக்கி, வாக்குகளை விற்கும் நிறுவனமொன்றிடம் பணங்கொடுத்து அதற்கு டிக் தளத்தில் ஏற்றம் பெற்றுக் காட்டினார். 2010 ஓகஸ்டிலோ, அரசியற் சார்புடைய குழுவொன்று தமக்குள் ஒழுங்குசெய்துகொண்டு தமக்கு ஒவ்வாதவற்றைப் புதைத்துவந்தமை அம்பலமாயிற்று. அவ்வாண்டு தளத்தின் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றங்களும் பயனரை விரட்டின. 2012 யூலையில் டிக் விற்கப்பட்டபோது அதற்குக் கிடைத்த விலை ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலரே என்று செய்திகள் கூறின.

விலைக்கு வாங்கிய வாக்கைக் கண்டிப்பது எளிது. அதனை ஆதரிப்பார் எவருமிலர். நட்பினால் இடப்படும் வாக்கே எமது சிந்தனைக்குரியது. இவ்வகையிலே தமிழ் வலைப்பதிவுலகம் தரும் சான்று சுவையானது. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி, தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் சிதறிக்கிடந்த வலைப்பதிவுகளை ஓரிடத்திலே திரட்டிக் காட்டிற்று. வாசகர் வாக்குகளால் இடுகைகளை முன்னிறுத்தும் ஏற்பாடும் அதிற் சேர்ந்தது. விளைவு யாது? பதிவுகளின் கீழே பின்னூட்டமிடுவோர், தமிழ்மணத்தில் வாக்களித்துவிட்டமைக்குச் சான்றாக ‘த.ம. 1’, ‘த.ம. 2’ என எண்ணிட்டுச் செல்லும் வழக்கம் தோன்றிற்று. பதிவர்கள் தாமே இதனை நகைச்சுவையாக ‘மொய்’ என்றனர். தமிழ்நாட்டுத் திருமண வீட்டில் மொய்ப்பணம் ஏட்டில் எழுதப்படும். பின்னொருநாள் எழுதியவர் வீட்டு விழாவில் அது திருப்பிச் செலுத்தப்படும். வாக்கும் அவ்வாறே ஆயிற்று. மொய் ஏட்டைப் புரட்டிப் பார்த்து மணமக்களின் அழகை எவரும் மதிப்பிடுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. வாக்குகளைப் பார்த்து எழுத்தை மதிப்பிடுவார் உளர்.

மொய்வாக்கினை ஆதரித்துக் கூறப்படும் நியாயங்களை இலேசாகத் தள்ளிவிடல் தகாது. பெரிய ஏடுகளுக்கு விளம்பரம் உண்டு. புகழ்பெற்ற எழுத்தாளருக்குப் பெயர் உண்டு. சிறு பதிவருக்கு நண்பரன்றி வேறு துணை யாது? முதற் பத்து வாக்குகள் கிடையாவிடின் பதினோராவது வாசகர் அப்பதிவைக் காணவே மாட்டார். எனவே நண்பர் செய்வது நெருப்புக்கு முதற் சுள்ளி இடுவது போன்றது; நெருப்புப் பற்றுவதும் பற்றாததும் விறகின் தன்மையைப் பொறுத்தது என்பர். மேலும், எல்லோரும் செய்யும்போது ஒருவர் மட்டும் செய்யாதிருத்தல் தம் நண்பருக்கே இழைக்கும் அநீதியாகாதா என்றும் கேட்பர்.

சுள்ளி உவமை கவர்ச்சியானது, ஆயின் உண்மையன்று. 2006இல் மத்தியூ சல்கனிக், பீற்றர் டொட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு மனங்கொளத்தக்கது. அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை அவர்கள் இணையத்தில் வைத்தனர். 14,000இற்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். ஒரு பிரிவினர் பிறர் தெரிவை அறியாது தெரிவுசெய்தனர். ஏனையோர் ஒன்றோடொன்று தொடர்பற்ற எட்டு ‘உலகங்களாக’ வகுக்கப்பட்டு, தத்தம் உலகில் எப்பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டனர் என்பதைக் காணவிடப்பட்டனர். பிறர் தெரிவு தெரிந்தவிடத்து வெற்றிபெற்ற பாடலுக்கும் தோற்ற பாடலுக்கும் இடைவெளி பெருகிற்று. எது வெல்லும் என்பதும் உலகுக்கு உலகு மாறிற்று. ஒரே பாடல் ஓருலகில் முதலிடத்தையும் மற்றோருலகில் நாற்பதாம் இடத்தையும் பெற்றது. மிகச் சிறந்தவை அடியோடு தோற்றலும் மிக மோசமானவை பெருவெற்றி பெறுதலும் அரிதே. இடைப்பட்டவற்றின் ஊழையோ தொடக்கத்து எண்ணிக்கையே பெரிதும் வகுத்தது. எம்மிற் பெரும்பாலோரின் எழுத்து அவ்விடைப்பட்ட வகையினது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 2013இல் அதே இதழில் லெவ் முச்னிக், சினான் அரல், ஷோன் ரெயிலர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. செய்தித் திரட்டித் தளமொன்றில் பின்னூட்டங்கள் சிலவற்றுக்கு, அவற்றின் தரத்தை நோக்காது, தொடக்கத்திலேயே ஓர் ஆதரவு வாக்கு இடப்பட்டது. அந்த ஒற்றை வாக்கினால் அவற்றின் இறுதி மதிப்பு சராசரி 25 வீதம் உயர்ந்தது. எதிர்வாக்கு இட்டவிடத்துப் பின்வந்தோர் அதனைத் திருத்தினர்; பொய்யான ஆதரவு வாக்கை எவரும் திருத்தவில்லை. ஆக, முதற் சுள்ளி விறகின் தன்மையையே மாற்றிக் காட்டுகின்றது.

இதன் காரணத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் இருவர் வேறுவேறு வழிகளில் முன்னரே உணர்ந்திருந்தனர். 1785இல் கொண்டோசே நிறுவிய தேற்றம் பின்வருமாறு. ஒவ்வொருவரும் நூற்றுக்கு அறுபது தடவை சரியாகத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையவராயின், மூவரின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏறத்தாழ 65 வீதம் சரியாக இருக்கும்; 101 பேரின் தீர்ப்போ 97 வீதத்துக்கு மேல் சரியாக இருக்கும். சாதாரண மனிதர் பலர் கூடி ஒரு மேதையை விஞ்சலாம் என்பதற்கு இதனினும் அழகிய நிறுவல் இல்லை. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் ஒவ்வொருவரும் தாமாகவே தீர்மானித்திருத்தல் வேண்டும். நூறு பேர் ஒருவரைப் பின்பற்றி வாக்களிப்பின் அத்தீர்ப்பின் பெறுமதி மீண்டும் அறுபதே. அதாவது ஒரு மனிதருடைய பெறுமதியே. 1762இல் வெளிவந்த ‘சமூக ஒப்பந்தம்’ என்னும் நூலில் ரூசோ இதனையே அரசியல் நோக்கிற் கூறினார். மக்களிடையே சிறு கூட்டுகள் தோன்றியதும், வாக்குகளின் தொகை மனிதரின் தொகையாக இராது கூட்டுகளின் தொகையாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கருத்து. டிக் தளத்தின் முகப்பில் 2006இல் நிகழ்ந்ததற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் தேடவேண்டியதில்லை.

இவ்விடத்தில் அறவினா கூர்மையடைகின்றது. நண்பனுக்காக வாசியாது வாக்களிப்பவர் எவரிடம் பொய் கூறுகின்றார்? நண்பனிடமன்று, அவனுக்கு உண்மை தெரியும். தளத்தை நடத்துவோரிடமும் அன்று. அவர்களுக்கு அதுபற்றிப் பெரிய கவலை இல்லை. தம் நேரத்தில் கால் மணித்தியாலத்தை எதன்மேற் செலவிடுவது என அறியாது அப்பட்டியலின் முன் நிற்கும் முகமறியா வாசகரிடமே அவர் பொய் கூறுகின்றார். ‘இத்தனை பேர் இதனை வாசித்து நன்றெனக் கண்டனர்’ என்பதே எண்ணிக்கையின் பொருள். அப்பொருள் இல்லையெனின் அதற்கு வலிமையும் இல்லை. வலிமை இல்லையெனின் நண்பனுக்கு அதனால் உதவியும் இல்லை. பொய்யர் ஏனையோரின் உண்மையை நம்பியே வாழ்கின்றார் என்று கான்ற் காட்டியது இங்கு முற்றும் பொருந்துகின்றது.

பாதிக்கப்படுவோர் இன்னும் இருவர் உளர். முகப்பில் இடம் அளவுடையது; என் நண்பன் ஏற, வேறொருவர் இறங்குகின்றார். அவர் யார்? நண்பர் வட்டம் இல்லாதவர். தொலைவிலிருந்து தனித்து எழுதுபவர். எவருக்கும் மொய் எழுதியிராதவர். சிறு பதிவருக்கு வேறு துணையில்லை என்ற நியாயத்தைக் கொண்டே அவரினும் சிறியவரை வெளியேற்றுகின்றோம். இரண்டாமவர் அந்நண்பரே. ஏழு வாக்குப் பெற்ற அவர், அவ்வேழு பேருள் எவராவது தம் எழுத்தை இறுதிவரை வாசித்தாரா என அறியமாட்டார். எழுதுபவர் வேண்டுவது வாசகரை. வாசகரைப் போன்ற ஒன்றைக் கொடுத்து அவரை அனுப்பிவிடுகின்றோம்.

அப்படியாயின் நட்புக்கு இலக்கியத்தில் இடமே இல்லையா? இல்லை என்பது என் கருத்தன்று. இவ்வகையில் எமது மரபு நுட்பமான ஒரு வழியைக் காட்டியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரவியலில் சிறப்புப்பாயிரம் பற்றிக் கூறுகையில், நூல் செய்தவன் எவ்வளவு திறமையாகச் செய்திருப்பினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கின்றார். அதற்குச் சில விலக்குகளையும் தருகின்றார். தன் ஆற்றலை அறியாத அவையின் முன் அதனை எடுத்துரைத்தல் அவற்றுள் ஒன்று. அவ்வாறாயின் பாயிரம் செய்தற்குரியார் யாவர்? நூலாசிரியனின் ஆசிரியன், அவனுடன் கற்றவன், அவன் மாணாக்கன், தகுந்த உரைகாரன் என்போர். இந்நால்வருள் மூவர் நூலாசிரியனுக்கு நெருங்கியவர் என்பதை நோக்குக. அவர்கள் பாயிரம் செய்தலை நன்னூல் பொறுத்துக்கொள்ளவில்லை. அது கடன் என்றே விதிக்கின்றது. ஆகவே சார்பு என்பது தன்னளவில் குற்றமாகக் கருதப்படவில்லை. ஒருவன் எழுத்தை நன்கறிந்தவர் அவனுக்கு நெருங்கியவரே. நெருங்கியவர் வாய்திறவாவிடின் வேறெவர் திறப்பர்?

அச்சார்பினைக் காப்பவை இரண்டு. பாயிரம் செய்தவர் யார், அவருக்கும் நூலாசிரியனுக்கும் உறவு யாது என்பன மறைவானவையல்ல. தொல்காப்பியப் பாயிரத்தைச் செய்தவர் தொல்காப்பியருடன் கற்ற பனம்பாரனார் என்பதை உரைமரபு வெளிப்படையாகவே கூறும். கேட்பவர் அதற்கேற்ப ஏற்கவோ குறைக்கவோ செய்யலாம். அதற்கு மேலாக, சிறப்புப்பாயிரம் வெறும் புகழ்ச்சியாக அமைதல் கூடாது. ஆக்கியவர் பெயர் முதலாக அது உணர்த்தவேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வகுத்துள்ளது. நூலின் பொருள் யாது, அதனைக் கேட்டற்குரியார் யாவர், அதனால் வரும் பயன் யாது என்பன அவற்றுள் அடங்கும். இவற்றைக் கூறவேண்டுமாயின் நூலை வாசித்தே ஆகவேண்டும். வாக்குப் பொத்தானுக்கு அத்தேவை இல்லை.

எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்பவர் தம்மைப் பக்கச்சார்பற்றவர் எனக் காட்டிக்கொள்கின்றார். ஆதலால் அவரது சார்பு பொய்யாகின்றது. பெயரிட்டுக் காரணங்கூறி விதந்துரைப்பவர் அவ்வாறு காட்டிக்கொள்வதில்லை. ஆதலால் அவரது சார்பு மன்னிக்கத்தக்கது மட்டுமன்று, விவாதிக்கத்தக்கதும் ஆகின்றது. ஈழத்து இலக்கிய வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தாம் எழுதிய முன்னுரைகளாலும் விமரிசனங்களாலும் எழுத்தாளர் பலரை வாசகர் முன் நிறுத்தினர். அத்தெரிவு சார்புடையது என எஸ். பொன்னுத்துரையும் மு. தளையசிங்கமும் கடுமையாக வாதிட்டனர். எப்பக்கம் நியாயம் என்பது வேறு விடயம். முன்னுரை எழுதியவர் பெயரும் அவர் கூறிய காரணமும் அச்சில் இருந்தமையாலேயே அவ்வாதம் நிகழ முடிந்தது. முந்நூறு என்னும் எண்ணோடு எவர் வாதிட முடியும்?

இதற்கு மறுப்பாகக் கூறத்தக்க ஒன்றை நான் பாரதூரமானதாகவே கருதுகின்றேன். பெயரிட்டுச் சொல்லுதல் எல்லோருக்கும் எக்காலத்தும் இயல்வதன்று. எதனை வாசித்தார் என்பதற்காகவே ஒருவர் சந்தேகிக்கப்பட்ட காலங்களை இந்நாடு கண்டுள்ளது. அத்தகைய சூழலிலே பெயரற்ற ஒரு வாக்கு, ஒருவர் தம் உடன்பாட்டைத் தெரிவிப்பதற்குக் கிடைத்த ஒரே வழியாக இருத்தல் கூடும். தேர்தலில் வாக்கு இரகசியமாக இடப்படுவதும் இதன்பொருட்டே. நான் மறுப்பது இரகசியத்தையன்று. இரகசிய வாக்கு மதிப்புப் பெறுவது, அதனை இடுபவர் தம் மனத்துக்கு மாத்திரம் பொறுப்பாக நின்று இடுவதனாலேயே. ‘இட்டுவிட்டேன், எண் ஏழு’ என்று நண்பனிடம் கணக்குக் காட்டும் வாக்கு, இரகசிய வாக்கின் காப்பையும் பெயரிட்ட சொல்லின் பொறுப்பையும் ஒருங்கே இழந்துவிடுகின்றது.

இன்று டிக் தளத்தின் பழைய முகப்பு இல்லை. டிலீஷியஸ் பல கைமாறி, 2017 யூனில் பின்போர்ட் என்னும் போட்டித் தளத்தால் 35,000 டொலருக்கு வாங்கப்பட்டுப் புதிய குறிகளை ஏற்காது நின்றுவிட்டது. வலைப்பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்கப் பலர் பயன்படுத்திய கூகிள் றீடர் 2013 யூலையில் மூடப்பட்டது. அவற்றின் இடத்தை முகநூல் விருப்புக்களும் வட்ஸ்அப் குழுக்களும் பிடித்துக்கொண்டன. பகிர்தல் முன்னரிலும் எளிதாகிவிட்டது, வாசித்தல் எளிதாகவில்லை. ருவிற்றரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புக்களுள் 59 வீதமானவை ஒருதடவையேனும் திறக்கப்படவில்லை என 2016இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தையும் பிரான்சின் இன்றியா நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர் கண்டனர். 2020 யூனில் அந்நிறுவனமே, கட்டுரையைத் திறவாது பகிர முற்படுவோரிடம் ‘வாசித்தீரா?’ என வினவும் ஏற்பாட்டைச் சோதிக்கத் தொடங்கிற்று. எந்திரம் மனிதரைக் கேட்கவேண்டியதாயிற்று!

எமது விடுதிகளிலும் பீடங்களிலும் இவ்வினா அன்றாடம் எழுகின்றது. உடன் பயிலும் ஒருவர் தமது பதிவின் இணைப்பைக் குழுவில் இட்டு, ‘ஒரு விருப்பு இட்டு விடு மச்சான்’ என்கின்றார். மறுத்தல் கடுமை, இடுதல் பொய். ஆயினும் மூன்றாவது வழியொன்று உளது. வாசிக்கலாம். பிடித்திருப்பின், அதனால் பயன்பெறக்கூடிய ஒருவரை எண்ணி, ‘என் நண்பன் எழுதியது, நீ தேடிக்கொண்டிருந்த விடயம் இதன் பிற்பாதியில் உளது’ என இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பலாம். டிலீஷியஸ் தளத்தில் இன்னாருக்கெனக் குறித்தனுப்பியவர் செய்ததும் இதுவே. நூறு பேருக்கு அனுப்புதல் போன்று இது விரைவானதன்று. ஒருவரை வாசிக்க வைத்தாற் போதுமா என நண்பர் கேட்பாராயின், இதுவரை அவருக்கு வாய்த்த முதல் வாசகர் அவராகவே இருத்தலும் கூடும் என்பதை நினைவூட்டலாம்.

பிடிக்காவிட்டாலோ? நன்னூலார் இதற்கு விதி எதுவும் வகுத்துச் செல்லவில்லை. எங்கே சோர்வு தட்டிற்று, எந்தப் பந்தியில் வாதம் வழுக்கிற்று என்பதை எழுதியவருக்கே தனியாகச் சொல்லலாம். அதற்கு எந்தத் தளமும் பொத்தான் அமைத்துத் தரவில்லை. சொல்லிய மாலையில் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்தப்போவது சற்றுச் சங்கடமாகவே இருக்கும்.